எக்ஸை விட்டு எங்கே போவது? மாற்றுத் தளங்கள், மட்டுறுத்தல் பற்றி நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“அண்ணாச்சி, இந்த மாஸ்டடான்னா என்ன? அங்க போனா நம்ம போஸ்ட்ட தூக்க மாட்டாங்களாமே?” பாளையங்கோட்டையில் கேட்டாலும் வள்ளியூரில் கேட்டாலும் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாகத்தான் வருகின்றன. முதலாவதற்குப் பதில் சுலபம். இரண்டாவதற்கு “தூக்குவார்கள்” என்று சொன்னதும் முகம் வாடிவிடுகிறது. தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன மாஸ்டடான் சர்வர் ஒன்றில் வரும் புகார்களைப் பார்க்கிற வேலையில் நானும் கை கொடுக்கிறேன். அதனால் இது கொஞ்சம் உள்ளே நிற்கிறவனின் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுச் சமூக வலைத்தளம் என்று எதைச் சொல்கிறார்கள்?

மூன்று வேறு வேறு சரக்கை ஒரே பெயரில் விற்கிறார்கள். குழப்பமே அங்கேதான் ஆரம்பம்.

முதல் வகை, ஒரே முதலாளியின் கையில் இல்லாமல் பல பேர் கையில் பிரிந்திருக்கும் தளங்கள்: மாஸ்டடான், ஓரளவுக்கு ப்ளூஸ்கை. இரண்டாவது, “இங்கே என்ன வேண்டுமானாலும் பேசலாம்” என்று சொல்லி ஆள் சேர்த்த அமெரிக்கத் தளங்கள்: கேப், பார்லர், ட்ரூத் சோஷியல். மூன்றாவது, “நம் நாட்டுத் தயாரிப்பு” என்று வந்தவை: கூ, ஷேர்சாட், அரட்டை. இவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்லும் நல்லதோ கெட்டதோ மற்றதற்குப் பொருந்தாது.

மாஸ்டடான் எப்படி வேலை செய்கிறது?

ஜெர்மனியில் இருக்கும் ஓய்கன் ரோஷ்கோ என்ற மென்பொருள்காரர் 2016இல் தொடங்கியது. மென்பொருள் இலவசம்; யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவலாம். பாளையங்கோட்டையில் ஒருவர் ஒரு சர்வர் வைக்கிறார், சங்கரன்கோவிலில் இன்னொருவர் வேறொன்று வைக்கிறார் என்றால், இதில் கணக்கு வைத்திருப்பவர் அதில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். இரண்டும் பேசிக்கொள்வதற்கான பொது நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். இணையத்தின் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை ஏற்றுக்கொண்டது.

ஒவ்வொரு சர்வருக்கும் சொந்த விதி, சொந்த மட்டுறுத்துநர் (புகார்களைப் பார்த்து, விதி மீறிய பதிவை நீக்குகிறவர்). அடுத்த சர்வரின் நடத்தை பிடிக்கவில்லையா, அதோடு உள்ள தொடர்பையே துண்டித்துக்கொள்ளலாம். விளம்பரம் கிடையாது, பெரும்பாலான சர்வர்கள் நன்கொடையில்தான் ஓடுகின்றன.

அங்கே யாரும் எதையும் நீக்க மாட்டார்கள் என்கிறார்களே?

சொன்னவர் அங்கே போய்ப் பார்த்ததில்லை. கேப் கதையைக் கேளுங்கள். 2016இல் வந்தது, எல்லாப் பேச்சுக்கும் இடம் என்றது. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரத்து யூத வழிபாட்டுத் தலத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், கிளம்புவதற்கு முன் கேப்பில்தான் எழுதிவிட்டுப் போனான். அதன்பின் அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனங்கள் விலகின. 2019இல் கேப், மாஸ்டடானின் மென்பொருளையே எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழையப் பார்த்தது. மென்பொருள் இலவசம் என்பதால் அதை யாரும் தடுக்க முடியவில்லை. ஆனால் மற்ற சர்வர்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. மேலிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை, உத்தரவு போட மேலே ஆளும் இல்லை. ஒவ்வொரு சர்வர்க்காரரும் தானாகவே முடிவெடுத்தார்.

பார்லர் 2021 ஜனவரியில் கண்டது வேறு அனுபவம். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் கும்பல் புகுந்த சில நாட்களிலேயே ஆப்பிளும் கூகிளும் தங்கள் கடைகளிலிருந்து செயலியை எடுத்தன. அமேசான் சர்வர் தர மறுத்தது. தளத்தில் மட்டுறுத்துநரே வேண்டாம் என்று நீங்கள் தீர்மானித்தாலும், உங்களுக்குக் கீழே இருக்கும் சர்வர்க்காரர், செயலிக் கடைக்காரர், நாட்டின் சட்டம் எல்லாம் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். யார் செய்கிறார், எவ்வளவு தெரிந்து செய்கிறார் என்பதில்தான் தளத்துக்குத் தளம் வித்தியாசம்.

நம் நாட்டில் யாராவது கூட்டமாக மாறிப் பார்த்தார்களா?

இரண்டு முறை. 2019 இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) கணக்கு முடக்கப்பட்டது. எதற்காக? நாஜிக் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கி வணக்கம் வைக்கும்போது ஒரே ஒருவர் மட்டும் கை கட்டி நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றை வைத்திருந்ததற்காக. நாஜிகளை எதிர்த்த படத்தை நாஜிப் படம் என்று எடுத்துக்கொண்டார்கள். கோபத்தில் இந்தியர்கள் நிறைய பேர் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள். சில வாரங்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள்.

அடுத்தது கூ. பெங்களூருவில் 2020இல் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டக் கணக்குகளை முடக்கச் சொல்லி ட்விட்டருக்கும் மத்திய அரசுக்கும் மோதல் வந்தபோது அமைச்சர்களே அங்கே போனார்கள். தமிழிலும் இருந்தது. உச்சத்தில் தினமும் 21 லட்சம் பேர் வந்துபோனதாக நிறுவனர்கள் சொன்னார்கள். 2024 ஜூலையில் பணம் இல்லாமல் மூடிவிட்டார்கள். கோபத்தில் வந்த கூட்டம் கோபம் தணிந்ததும் தங்காது. இது மாஸ்டடானுக்கும் பொருந்தும், 2022இல் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியதும் கிளம்பிய கூட்டத்துக்கும் பொருந்தும்.

பெரிய நிறுவனங்களின் மட்டுறுத்தலில் நமக்கு அப்படி என்ன குறை?

நம் ஊர்ப் பேச்சு அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ பெரிய விஷயம்.

இரண்டு பதிவுகளைக் கிட்டே வைத்துப் பாருங்கள். இரண்டுமே எங்கள் புகார்ப் பட்டியலுக்கு வந்த ரகம்; அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். முதலாவது: “ஏல செத்த மூதி, நாளைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் வா, ஒன்ன வகுந்துருவேன்.” வெளியூர் ஆளோ மென்பொருளோ பார்த்தால் கொலை மிரட்டல். இடம், நேரம் எல்லாம் குறிப்பிட்டிருக்கிறதே! மேலே இருக்கும் உரையாடலைப் படித்தால், இரவல் வாங்கிய ஹெல்மெட்டைத் திருப்பித் தராத நண்பனைத் திட்டுகிறான் என்று தெரியும். நெல்லையில் பாசம் கூடக் கூட வசவும் கூடும். ஆச்சிமார் பேரனைக் கூப்பிடும் விதத்தை எழுத்தில் போட்டால் எந்தத் தளத்திலும் கணக்கு மிஞ்சாது.

இரண்டாவது பதிவில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. கோயில் கொடையில் எடுத்த படம், நான்கு பையன்கள், மணிக்கட்டில் கயிறு தெரியும்படி கையை நீட்டி நிற்கிறார்கள். கீழே ஒரு சிங்க எமோஜி, பக்கத்து ஊர் ஒன்றின் பெயர், “மறக்கல” என்று ஒற்றைச் சொல். மென்பொருளுக்கு இது திருவிழாப் படம். அந்த ஊரில் முன்பு நடந்த சாதிச் சண்டை தெரிந்தவனுக்கு, இது எதிர்த் தரப்புக்குப் போகும் ஓலை. பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால், பாட்டு உரிமைக்காரர் கேட்டு அந்தச் சத்தத்தை மட்டும் எடுப்பார்கள். படம் அப்படியே இருக்கும். சிரிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்துப் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளியில் சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாம் கூடாது என்றது. பள்ளி வாசலில் கயிற்றை அவிழ்த்துவிடலாம். ரீல்ஸில் கட்டியிருக்கும் கயிற்றை யார் அவிழ்ப்பது? ஃபேஸ்புக்கின் விதிப் புத்தகத்தில் வெறுப்புப் பேச்சின் கீழ் சாதியும் இருக்கிறது. விதி இருக்கிறது, அதைப் படத்தில் அடையாளம் காணும் கண்தான் இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தால் இன்னும் கஷ்டம். ஒரே வசவை எட்டு விதமாக எழுதலாம்.

வாஷிங்டனில் உள்ள சிடிடி என்ற அமைப்பு, தமிழ்ப் பதிவுகளை நிறுவனங்கள் எப்படி மட்டுறுத்துகின்றன என்று தனியாகவே ஆராய்ந்து 2025இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைப் படிக்கும்போது, நமக்கு மட்டும் நடப்பதாக நினைத்தது கொழும்பிலும் டொரண்டோவிலும் இருக்கிறவர்களுக்கும் நடக்கிறது என்று புரியும்.

ஈழம் பற்றி எழுதினால் ஏன் உடனே காணாமல் போகிறது?

ஃபேஸ்புக்கிடம் ‘ஆபத்தான அமைப்புகள்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 2021 அக்டோபரில் அது கசிந்து வெளியானபோது அதில் விடுதலைப் புலிகள் இயக்கமும் இருந்தது. புகழ்ந்தாலும் நினைவு கூர்ந்தாலும் வரலாற்றுக் கட்டுரைக்குப் படம் போட்டாலும், மென்பொருள் ஒரே தராசில்தான் நிறுக்கும். நவம்பர் கடைசியில், மாவீரர் நாளையொட்டி, இது அதிகம் தெரியும். மாற்றுத் தளங்களில் இந்தத் தொல்லை குறைவு என்பது உண்மை. ஆனால் இந்தியாவில் அந்த இயக்கத்துக்குச் சட்டப்படி தடை இருக்கிறது என்பதும் உண்மை. தளம் மாறினாலும் அந்தத் தடை மாறாது.

சின்ன சர்வரில் எல்லாம் சரியாக நடக்குமா?

நடக்காது. ஊர் தெரிந்தவன் மட்டுறுத்துநராக இருந்தால் ஹெல்மெட் சண்டையை விட்டுவிடுவான், “மறக்கல” படத்தைத் தூக்குவான். இது லாபம். ஆனால் ஊர் தெரிந்தவனுக்குச் சாதியும் தெரியும், சொந்தக்காரனும் இருப்பான். “உங்காளு போட்டா விட்டுருவீங்க, நாங்க போட்டா தூக்குவீங்க” என்ற பேச்சு வராமல் எந்த வாரமும் போனதில்லை. முகம் தெரியாத பெரிய நிறுவனத்தைத் திட்டினால் அதோடு போயிற்று. இங்கே கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார வேண்டும்.

எங்களிடம் உள்ள ஒரே மருந்து, தென்பகுதிச் சாதிச் சண்டை சம்பந்தப்பட்ட புகாரை ஒருவர் தனியாக முடிக்கக் கூடாது என்பது. இரண்டு பேர் பார்ப்பார்கள், அதில் ஒருவர் வேறு மாவட்டத்துக்காரர். தாமதமாகும், பரவாயில்லை.

அலுப்பு இன்னொரு பிரச்சினை. சம்பளமில்லாத வேலை. ராத்திரி சாப்பிட்டு உட்கார்ந்து அடுத்தவர் வசவைப் படிக்க எத்தனை நாள் மனசு வரும்? மாஸ்டடான்.லோல் என்ற பெரிய சர்வரை நடத்தியவர் சண்டைகளைத் தாங்க முடியாமல் 2023இல் மூடிவிட்டார். அங்கிருந்தவர்கள் தங்களைப் பின்தொடர்ந்தவர்களை வேறு சர்வருக்குக் கூட்டிக்கொண்டு போக முடிந்தது, எழுதிய பதிவுகளைக் கொண்டுபோக முடியவில்லை. மாஸ்டடானின் பெரிய ஓட்டை இது. நீளமாக எழுதுகிறவர்கள் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

ப்ளூஸ்கை பரவாயில்லையா?

பழகுவதற்கு அதுதான் சுலபம். பழைய ட்விட்டர் மாதிரியே இருக்கும். 2019இல் ட்விட்டருக்குள்ளேயே ஒரு திட்டமாகத் தொடங்கித் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தார்கள். மட்டுறுத்தலில் அவர்கள் செய்த புதுமை எனக்குப் பிடிக்கும்: நிறுவனம் அடிப்படையான சிலவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளும்; அதற்கு மேல், வெளியாட்கள் ‘முத்திரை குத்தும்’ சேவைகளைத் தொடங்கலாம். உதாரணமாக, சாதிவெறிப் பதிவுகளுக்கு முத்திரை குத்தும் ஒரு தமிழ்க் குழு இருந்தால், விரும்புகிறவர்கள் அதைச் சேர்த்துக்கொண்டு அப்படிப்பட்ட பதிவுகளை மறைத்துக்கொள்ளலாம். வேண்டாதவர்கள் விட்டுவிடலாம். பதிவு அழிவதில்லை, உங்கள் கண்ணில் படாது, அவ்வளவே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. “மறக்கல” படத்தை நான் மறைத்துக்கொள்வதால் யாருக்கு அனுப்பப்பட்டதோ அவன் பார்க்காமல் இருக்கப்போவதில்லை. மிரட்டலுக்கு மறைப்பது மருந்தல்ல, அதை நீக்கத்தான் வேண்டும். அரசுகளுக்கு ப்ளூஸ்கை அப்பாற்பட்டது என்றும் நினைக்க வேண்டாம். துருக்கி அரசு கேட்டதும் 2025இல் அந்த நாட்டில் சில கணக்குகளை மறைத்தார்கள்.

அரட்டை நம்ம தென்காசிச் செயலிதானே, அதற்கே போய்விடலாமே?

அரட்டையை உருவாக்கிய ஜோஹோ நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில். தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் இருக்கிறது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அந்தப் பக்கமே வந்து குடியிருப்பவர். அதனால் நம்மவர்களுக்கு ஒரு பெருமை, நியாயம்தான். அரட்டை 2021 ஜனவரியில் வெளிவந்தாலும் 2025 செப்டம்பரில்தான் பரபரப்பானது. மூன்றே நாளில், தினமும் 3,000 பேர் சேர்ந்த இடத்தில் 3,50,000 பேர் சேர்வதாக வேம்பு எழுதினார்.

ஆனால் அது வாட்ஸப்புக்கு மாற்று, எக்ஸுக்கு அல்ல. தனிப்பட்ட உரையாடலில் மட்டுறுத்தல் பேச்சு வேறு. அங்கே கேட்க வேண்டியது, நடுவில் யாராவது படிக்க முடியுமா என்பதுதான். அந்தப் பரபரப்பு நாட்களில் அழைப்புகளுக்கு முழுமறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை என்பதே பெரிய விவாதமாக ஓடியது.

கருத்துச் சுதந்திரம் என்று வழக்குப் போட முடியாதா?

அரசியலமைப்பின் 19(1)(அ) உங்களுக்குத் தரும் உரிமை அடிப்படையில் அரசுக்கு எதிரானது. தனியார் நிறுவனம் உங்கள் பதிவை நீக்கினால் அதை நேராக அந்தப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்துவது கடினம். அரசு நீக்கச் சொன்னால் கதை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் “எரிச்சலூட்டும்” பதிவுக்குக்கூடச் சிறை என்றிருந்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்தது. தளங்களை முடக்க உத்தரவிடும் 69ஏ பிரிவு நிலைத்தது. நீக்கச் சொல்லி ‘சஹ்யோக்’ என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாக அனுப்பப்படும் நோட்டீஸ்களை எதிர்த்து எக்ஸ் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் இதில் பங்குண்டு. 2019 ஏப்ரலில் டிக்டாக்கைப் பதிவிறக்கத் தடை விதிக்கச் சொன்னது அங்கேதான். அதே மாதம் தடையை விலக்கியதும் அங்கேதான். மறு வருடம் ஜூனில் மத்திய அரசு முடக்கிய 59 செயலிகளில் ஒன்றாக அது மொத்தமாகப் போனது தனிக் கதை.

வாட்ஸப் குரூப் அட்மின் என்றால் உள்ளே போட்டதற்கெல்லாம் நான் பொறுப்பா?

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக இல்லை. 2021 டிசம்பரில் மதுரைக் கிளையே இதைச் சொல்லியிருக்கிறது: அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கில்லை என்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை எடுக்க வேண்டும்.

ஃபார்வர்ட் செய்தவர் கதை வேறு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018இல் பகிர்ந்த வழக்கில், படிக்காமல் ஃபார்வர்ட் செய்துவிட்டேன் என்ற நடிகர் எஸ்.வி.சேகரின் வாதத்தை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. “யாரோ அனுப்பினதை அப்படியே அனுப்பினேன்” என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்லும் சமாதானம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தை கடத்துகிறவர் என்று சந்தேகப்பட்டு வயதான பெண்மணி ஒருவரை அடித்தே கொன்றார்கள். அந்த வதந்தியைப் பரப்பியவர்களும் அப்படித்தான் அனுப்பியிருப்பார்கள்.

என் படத்தை யாரோ தவறாகப் போட்டிருக்கிறார்கள். முதலில் என்ன செய்ய?

தளம் எதுவாக இருந்தாலும், முதலில் பதிவின் முகவரியோடு ஸ்கிரீன்ஷாட். அப்புறம் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார். இந்தியாவில் 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்கள் அப்படி ஓர் அலுவலரை இந்தியாவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது 2021 தகவல் தொழில்நுட்ப விதி. அவர் பதில் திருப்தி இல்லை என்றால் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் போகலாம். இதில் பலருக்குத் தெரியாத வழி ‘ஸ்டாப்என்சிஐஐ’ என்ற சேவை: அந்தரங்கப் படத்தை யாருக்கும் அனுப்பாமல் அதன் கைரேகை போன்ற குறியீட்டை மட்டும் உங்கள் போனிலேயே உருவாக்கித் தளங்களுக்குக் கொடுக்கும். பணம் கேட்டு மிரட்டினால் தாமதிக்காமல் தேசிய சைபர் குற்றத் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். பயந்து பணம் கொடுத்தால் அடுத்த வாரம் மறுபடியும் கேட்பான்.

இணையத்தையே நிறுத்திவிட்டால் இந்தத் தளமெல்லாம் எதற்கு?

எதற்கும் இல்லை. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நின்றது. உங்கள் சர்வர் யாருடையதாக இருந்தால் என்ன?

அப்போ எக்ஸையும் ஃபேஸ்புக்கையும் மொத்தமாக விட்டுவிடலாமா?

நான் விடவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள், தாமிரபரணி ஊருக்குள் வந்தது. “இந்தத் தெருவில் மாடியில் இருக்கோம், படகு வேணும்” என்று எழுத, அதிகாரியும் தன்னார்வலரும் பத்திரிகையாளரும் இருக்கிற இடம்தான் வேண்டும். மாஸ்டடானில் எழுதியிருந்தால் ஜெர்மனியில் நான்கு பேர் அனுதாபப்பட்டிருப்பார்கள். அவசரத்துக்குப் பெரிய தளம், அன்றாடப் பேச்சுக்குச் சின்ன தளம் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

நாங்களே ஒரு சர்வர் தொடங்கினால்?

தாராளமாக. தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் போதும், மாத வாடகையும் ஒரு குழு பகிர்ந்துகொள்ளும் அளவுதான். ஆனால் மென்பொருளை நிறுவுவதற்கு முன் மூன்று பேராவது புகார் பார்க்கச் சம்மதிக்கட்டும். மூவரும் ஒரே தெருக்காரர்களாக இருக்க வேண்டாம். விதிகளைத் தமிழிலேயே எழுதுங்கள், நம் ஊர் உதாரணம் போட்டு: எந்த வசவு போகலாம், எந்தப் படம் போகக் கூடாது என்று. சட்டத்தின் பார்வையில் நீங்களும் ஓர் இடையீட்டாளர்தான் (பிறர் பதிவுகளுக்கு இடம் கொடுப்பவர்), அதனால் போலீஸ் கடிதம் வந்தால் யார் பதில் சொல்வது என்பதையும் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் அதற்கு ஒரு வக்கீல் அக்காவைப் பிடித்து வைத்திருக்கிறோம்.